‘சார்ஜண்டிடம் சொல்லாதே’ என்று தாள் அச்சடித்துக் கொடுத்தவர்களுக்கு

எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்தின் செயற்குழுவினருக்கு,

சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்காகச் சென்ற மாதம் சமூக மன்றத்தில் நீங்கள் நடத்திய கூட்டத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாள் கொடுத்தீர்கள். ‘களப் பயிற்சியில் தாக்குப்பிடிக்க அனுபவசாலிகளின் குறிப்புகள்’ என்று தலைப்பு. அதன் நான்காவது குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: “காய்ச்சல் வந்தால் இரண்டு பேனடால் போட்டுக்கொள். சார்ஜண்டிடம் சொல்லாதே. சொன்னால் கெங் என்பார்கள். அடுத்த அணியோடு மறுபடியும் போக வேண்டிவரும்.” பேனடால் காய்ச்சல் மாத்திரை; கெங் என்றால் நோயாளிபோல நடிப்பவன். ஆறாவது குறிப்பு, மாலையில் தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் ராத்திரி காட்டுக்குள் எழுந்து போகிற தொல்லை இருக்காது என்கிறது.

மேடையில் பேசிய பெரியவர் இவற்றையே நடித்துக் காட்டிச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். மண்டபமே சிரித்தது. அக்கா மகனும் சிரித்துவிட்டு, தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

மறுநாளே உங்களுக்கு எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அது நகைச்சுவைக்காகச் சொன்னது, மூத்தோர் அனுபவத்தை இளையவர்கள் மதிக்க வேண்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மன உறுதி குறைவு என்றெல்லாம் எழுதிவிட்டு, அடுத்த கூட்டத்திலும் இதே தாளை வழங்கச் செயற்குழு முடிவு செய்திருப்பதாக முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை ஊரறிய எழுத வைக்கிறது.

அந்த நான்காவது குறிப்பை நான் செய்து பார்த்தவன்.

2014-இல் பாலிடெக்னிக் முடித்த கையோடு எனக்கு அழைப்பு வந்தது. அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் படகேறுவதற்கு முந்தின ராத்திரி தாய்மாமா என்னைக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார். அவரும் சேவை செய்தவர்தான், 80-களின் தொடக்கத்தில். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “மூணே மூணு விஷயம்டா. முதல் ஆளா வராத. கடைசி ஆளா வராத. வாயத் தொறக்காத.” அப்புறம் பையிலிருந்து ஒரு அட்டை பேனடாலை எடுத்து என் சட்டைப் பைக்குள் செருகினார். அவருக்கு என்மேல் கொள்ளைப் பாசம். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

‘கெங்’ என்ற சொல்லை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹொக்கியனிலிருந்து முகாமுக்குள் வந்து, முகாமிலிருந்து நம் வீட்டுத் தமிழுக்குள்ளும் நுழைந்துவிட்ட சொல். உடம்புக்கு முடியாததுபோல நடித்து டிமிக்கி கொடுப்பவனுக்கு அந்தப் பட்டம். ஒருமுறை ஒட்டினால் ஒன்பது வார அடிப்படைப் பயிற்சி முடியும்வரை போகாது. இருபது வயதில் அதைவிடப் பெரிய பயம் எனக்கு இருக்கவில்லை.

களப் பயிற்சி எங்களுக்கு ஆறு நாள், ஐந்து இரவு. முதுகில் முழுப்பொதி, மார்பில் தோட்டா உறைகள் தைத்த உள்சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் எஸ்ஏஆர் 21. துப்பாக்கி வெறுமனே நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாள் தூக்கும்போது பெரிதாகத் தெரியாது. மூன்றாம் நாள் அதே துப்பாக்கி இரும்புத் தூணாகிவிடும். போய்ச் சேர்ந்ததும் குழி வெட்ட வேண்டும். ஷெல் ஸ்கிரேப் என்பார்கள். இரண்டு பேர் துப்பாக்கியோடு குப்புறப் படுக்கிற நீளம், முழங்கால் ஆழம். தெக்கோங்கின் செம்மண் மேலே சேறாக இருக்கும், ஒரு சாண் கீழே போனால் கல்லாகிவிடும், நடுவில் வேர்கள். மடக்கு மண்வெட்டியை வைத்துக்கொண்டு நானும் என் ஜோடியும் மாறி மாறி வெட்டினோம். அவன் ஒரு மலாய்ப் பையன், உட்லண்ட்ஸ்காரன். மூச்சுவிடாமல் கால்பந்து பற்றியே பேசுவான். ஆளுக்குப் பாதிக் குழி. ஒருவன் புரண்டால் மற்றவன் எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

குளிக்க முடியாது. சாயங்காலம் வரிசையாக உட்கார்ந்து உடம்பெல்லாம் பவுடரைக் கொட்டிக்கொள்வதற்குப் பெயர்தான் அங்கே குளியல். வியர்வை, கொசு மருந்து, முகத்தில் பூசிய பச்சைச் சாயம் எல்லாவற்றுக்கும் மேலே பவுடர். நாலாம் நாள் வாக்கில் அது ஒரு புதுத் தோலாகவே ஆகிவிடும். சாப்பாடு பையைக் கிழித்துப் பிழிந்து சாப்பிடுவது. இரவில் காட்டுப்பன்றி வரும் என்பதால் மிச்சம் வைக்கக் கூடாது. விடியலிலும் அந்தியிலும் குழிக்குள் குப்புறப் படுத்து, வராத எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் முகாம் அழைப்பு வரும்போது முணுமுணுத்துக்கொண்டே போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டாம் இரவு மழை. இடி எச்சரிக்கை வந்து எங்களை ஒதுங்கச் சொல்லி, திரும்பி வந்து பார்த்தால் குழி முழங்கால் அளவு தண்ணீர். அந்த இரவு நனைந்தே படுத்தோம். விடிந்தபோது தொண்டை கரகரத்தது, கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. காலையில் எல்லாரும் வெப்பமானியை வைத்துப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒருவர் குறித்துக்கொள்வார். எனக்கு 38.1 காட்டியது. நான் “36.9” என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அன்று காலையும் சார்ஜண்ட், உடம்பு சரியில்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டார். எனக்கு முன்னால் நின்ற பையன் தூக்கினான். பின்னாலிருந்து யாரோ “கெங்” என்று முனகினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். குழிக்குத் திரும்பியதும், எதுவும் நனையாதபடி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைகளில் போட்டு வைத்திருப்போமே, அதில் ஒன்றைப் பிரித்து மாமா கொடுத்த மாத்திரையில் இரண்டை விழுங்கினேன். மதியம் காய்ச்சல் இறங்கியது. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் தாளை எழுதியவரும் இப்படி ஒரு மதியத்தைப் பார்த்திருப்பார். அதற்கு மறுநாளைப் பார்த்திருக்க மாட்டார்.

அன்று இரவு வீட்டிலிருந்து வந்த கடிதங்களைக் கொடுத்தார்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்து, குழிக்குள் உட்கார்ந்திருக்கும்போது தருவார்கள். என் ஜோடி டார்ச் வெளிச்சத்தில் அவன் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். என் அம்மா தமிழில் எழுதியிருந்தார், கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில். பூனை குட்டி போட்டது, அப்பாவின் முட்டிவலி எல்லாம் எழுதிவிட்டுக் கீழே, “உடம்புக்கு முடியலன்னா வெக்கப்படாம சொல்லிடு. மாமா சொல்றது மாமா காலத்துக் கதை” என்றிருந்தது. இரண்டு தடவை படித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை வெப்பமானி 38.4 காட்டியது. மறுபடியும் “36.9” என்று சொல்லி, மறுபடியும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் மேட்டில் ஏறும் பயிற்சி. ஒருவன் சுடுவதுபோல மறைப்புக் கொடுக்க, மற்றவன் ஓடி விழுந்து தவழ்ந்து முன்னேற வேண்டும், பிறகு மாற்றி. வெயிலின் அளவைப் பார்க்காமல் அங்கே எந்தப் பயிற்சியும் தொடங்காது. வெறும் காற்றின் சூட்டை மட்டும் பார்க்கிற கருவி இல்லை அது. ஈரப்பதம், நேர் வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும். அந்த எண்ணுக்கு வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை நிறம் உண்டு. நிறத்துக்கு ஏற்பப் பயிற்சி நேரமும் ஓய்வு நேரமும் மாறும். அன்றும் பார்த்தார்கள், ஓய்வு கொடுத்தார்கள், கண்முன்னால் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் 36.9 டிகிரி உடம்புக்குப் போட்ட கணக்கு. அதற்கு மேலே ஒன்றரை டிகிரியை நான் பையில் ஒளித்து வைத்திருந்தது யாருக்குத் தெரியும்?

மூன்றாவது சுற்றில் எனக்குக் குளிர்ந்தது. நல்ல வெயிலில் கையில் மயிர் குத்திட்டு நின்றதைப் பார்த்து, அது விநோதமாக இருக்கிறதே என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. தலைக்குள் யாரோ உலக்கையால் இடிப்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை என் ஜோடி சொல்லித்தான் தெரியும். எதிரி எந்தப் பக்கம் என்று சார்ஜண்ட் கேட்டாராம். நான் அவர் முகத்தை நேராகப் பார்த்து, மிகவும் நிதானமாக, தமிழில் பதில் சொன்னேனாம். அவனுக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே மனப்பாடமாகப் பிடித்து வைத்திருந்து பிறகு எனக்குச் சொல்லிக் காட்டினான். “அம்மா, ஃபேனைக் கூட்டி வை.”

அவன்தான் கத்தினான். “சார்ஜண்ட், இவன் சரியில்லை!” பயிற்சியை அங்கேயே நிறுத்தினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, உடுப்பைக் கழற்றி, இருந்த தண்ணீரையெல்லாம் என்மேல் ஊற்றி, அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் ஐஸை வைத்து, தயாராக நின்ற வண்டியில் ஏற்றினார்கள். மருத்துவ நிலையத்தில் பார்த்தபோது உள்வெப்பம் 40.2. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் குளிர்விக்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்குப் பிறகுதான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்த பாடம். அந்தப் பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்திருந்தது. அந்த மருத்துவ உதவியாளர்களும் என் வயதுப் பையன்கள்தான்.

எனக்கு இன்றும் அவமானமாக இருப்பது இதற்கு அடுத்து நடந்தது. தெளிந்து கண்விழித்ததும் டாக்டர் கேட்டார், காலையில் வெப்பநிலை எவ்வளவு என்று. “36.9” என்றேன். ஏதாவது மருந்து சாப்பிட்டாயா? “இல்லை.” மறுநாள் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறிக்கொண்டே போயின. வெப்பத்தாக்கம் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பேனடாலும் ஈரல் வழியாகத்தான் போகிறது. ஏதாவது சாப்பிட்டிருக்கிறானா, நன்றாகக் கேளுங்கள் என்று அவர்கள் அம்மாவிடம் கேட்க, அம்மா என்னைப் பார்க்க, அப்போதுதான் வாயைத் திறந்தேன். டாக்டர் திட்டவில்லை. எத்தனை மாத்திரை, எந்தெந்த நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே தம்பி என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்து நாள் படுக்கை. அதன்பின் பல வாரம் வெயிலில் ஓடக் கூடாது. கடைசியில் அடுத்த அணியோடு முதலிலிருந்து போனேன். எதைத் தவிர்ப்பதற்காகச் சொல்லாதே என்று உங்கள் தாள் சொல்கிறதோ, அது சொல்லாததால்தான் எனக்கு நடந்தது. எனக்குக் காய்ச்சல் கண்ட அந்த முதல் காலையிலேயே கையைத் தூக்கியவன் என்ன ஆனான் தெரியுமா? ஒரு நாள் ஓய்வில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் அணியோடேயே பயிற்சியை முடித்து அணிவகுப்பில் நடந்தான். நான் வீட்டில் உட்கார்ந்து அவன் போட்ட படங்களைப் பார்த்தேன்.

மாமா மருத்துவமனைக்கு வந்தார். ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து என்னிடம் கொடுத்துக்கொண்டே ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “எங்க செக்‌ஷன்லயும் ஒருத்தன் விழுந்தான்டா. நாங்கல்லாம் கெங்குன்னு சிரிச்சோம். அவனத் தூக்கிட்டுப் போனதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியாது.” முப்பது வருடமாக அவர் வீட்டு விசேஷங்களில் சொல்லிவந்த முகாம் கதைகளில் இந்தக் கதை வந்ததே இல்லை.

செயற்குழுவினரே, மூத்தோர் அனுபவத்தை மதியுங்கள் என்றீர்கள். மதிக்கிறேன். 1967-இல் தேசிய சேவைச் சட்டம் வந்து முதல் அணி உள்ளே போனபோது எதுவுமே தயாராக இல்லாத ஊர் இது. வெள்ளத்தில் நீந்திக் கரையேறியவர்கள் சொல்லும் கதையை நாமும் வாய்பிளந்து கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கரையேறியவர் மட்டும்தானே கதை சொல்ல வருகிறார்? தண்ணீரைக் குறைத்துப் பழக்கினால் சிப்பாய் உறுதியாவான் என்று ஒரு காலத்தில் பல நாட்டுப் படைகளே நம்பின, பிறகு கைவிட்டன. உடம்பு வெயிலுக்குப் பழகும். அதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். தாகத்துக்கு அது பழகவே பழகாது. உங்கள் ஆறாவது குறிப்பு அந்தக் கைவிட்ட காலத்திலிருந்து வந்தது.

இந்த ஊரில் இதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். 2018-இல் ஒரு வேகநடைப் பயிற்சிக்குப் பிறகு வெப்பத்தாக்கத்தால் ஒரு தேசிய சேவையாளர் இறந்தார். இருபது வயது நிறையாத பிள்ளை. அவர் எதையோ மறைத்தார் என்று நான் சொல்லவில்லை, அந்த விசாரணையில் வெளிவந்தவை வேறு விஷயங்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் வெளி நிபுணர் குழு உட்கார்ந்தது, பயிற்சி வேகம் குறைந்தது, 2019-இல் பாதுகாப்பை மேற்பார்க்க ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகமே அமைந்தது. இப்போது ஓய்வு நேரத்தில் முன்கையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தத் தொட்டி வைக்கிறார்கள். இவ்வளவும் செய்து வைத்திருக்கும் இடத்துக்கு நம் பிள்ளையை அனுப்பும்போது, காய்ச்சலை மறைப்பது எப்படி என்று நாமே சொல்லிக் கொடுத்து அனுப்புகிறோம். அந்தத் தொட்டியும் கருவியும் இதற்கு என்ன செய்யும்?

நகைச்சுவை என்றீர்கள். அப்படியானால் தாளில் எங்காவது அது நகைச்சுவை என்று போட்டிருக்கிறதா? சங்கத்தின் முத்திரையோடு, தலைவர் செயலாளர் பெயரோடு, எண் போட்டு அச்சடித்திருக்கிறீர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் மேடையேறிச் சொன்னதைப் பிள்ளைகள் தட்ட மாட்டார்கள், அதற்குத்தானே அவர்களை மேடையேற்றுகிறோம். நான் அம்மாவின் கடிதத்தையும் மாமாவின் பேச்சையும் எடைபோட்டுப் பார்த்து மாமா பக்கம் போனவன். மாமா ராணுவத்தைப் பார்த்தவர், அம்மா பார்க்கவில்லை, அவ்வளவுதான் அன்று என் கணக்கு.

மன உறுதி பற்றியும் ஒரு வார்த்தை. எட்டுப் பேர் முன்னால், ஒருவன் முணுமுணுக்க, இருவர் சிரிக்க, “எனக்கு முடியவில்லை சார்ஜண்ட்” என்று கையைத் தூக்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை. அந்தப் பையனுக்கு வந்தது.

நான் கேட்பவை இவைதான்.

அந்தத் தாளைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த கூட்டத்தில் கொடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது. சென்ற மாதம் வந்த பிள்ளைகள் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் உங்கள் வருகைப் பதிவில் இருக்கிறது. நான்காவது, ஆறாவது குறிப்புகள் தவறு, அவற்றைப் பின்பற்றாதீர்கள் என்று சங்கத்தின் பெயரில் அவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த வாரமே தகவல் அனுப்புங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். “சில குறிப்புகள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன” என்று மழுப்பி எழுத வேண்டாம், யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவர் பேசட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவர் காலத்துக் கதைகளைக் கேட்க எனக்கே ஆசை. ஆனால் அவருக்குப் பக்கத்தில், மருத்துவ உதவியாளராகச் சேவை செய்த இளைஞர் ஒருவரை உட்கார வையுங்கள். நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். வெயிலில் குளிரெடுத்தால் அது எதன் அறிகுறி, பக்கத்தில் இருப்பவன் உளறினால் என்ன செய்வது, காய்ச்சல் மாத்திரை எதை மறைக்கும் என்று அவர் இருபது நிமிடம் பேசினால் போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் தேடித் தருகிறேன். யாருமே வரவில்லை என்றால் நானே வந்து, 36.9 என்று நான் சொன்ன பொய்யைப் பிள்ளைகள் முன்னால் சொல்கிறேன்.

மேடையிலிருந்து ‘கெங்’ என்ற சொல்லை ஒரு பிள்ளையைப் பார்த்தும் சொல்லக் கூடாது என்று பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். நடிப்பவனைக் கண்டுபிடிக்க முகாமில் ஆள் இருக்கிறார்கள், அந்த வேலையைச் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், செயற்குழுவின் தீர்மானமாக. அக்கா மகன் அடுத்த மாதம் இரண்டாம் வாரம் படகேறுகிறான். நேற்று ராத்திரி அவன் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். பிளாஸ்டிக் பைகளில் ஒன்றில் பேனடால் அட்டை இருந்தது, அதன்மேல் உங்கள் தாள். நான் எடுக்கவில்லை. கொடுத்தவர்களே அவனிடம் சொல்லி எடுக்க வையுங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசையில் இருந்த ஒரு தாய்மாமன்